வரைபடமும் நம் பெண்மக்களும்

நம் ஊர்களில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும் எந்தத் தெருவிலும் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்கள், தலையில் சும்மாடு கூட்டி, அதன்மேல் கலவைச் சட்டியை ஏற்றி, சவுக்குக் கம்புகளால் கட்டிய சாரத்தின் பலகைகளில் கால் பதித்து மேல்தளத்துக்கு ஏறிச் செல்லும் சித்தாள் பெண்ணைக் காணாமல் திரும்ப முடியாது. அவளுடைய உழைப்பின்றி இந்த நாட்டில் ஏரிக்கரையோ பாலமோ பள்ளிக்கூடமோ எழுந்ததில்லை. கொத்தனார் பெறுவதினும் குறைந்த கூலியைப் பெற்றுக்கொண்டு, வெயிலிலும் சிமெண்டுத் தூசியிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்திருக்கும் அவளைப் பார்த்து, இந்த இடம் பெண்களுக்கு ஆகாது என்று எவரும் ஆட்சேபணை எழுப்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே இடத்துக்கு அதே வயதுள்ள இன்னொரு பெண், கையில் வரைபடத்துடன், தளத்துக்குக் கட்டிய கம்பிகளைச் சோதித்து ‘இது சரி, இது பிசகு, இதைப் பிரித்துக் கட்டுங்கள்’ என்று சொல்லும் பொறுப்புடன் வர விரும்பினால், கட்டுமானத் தலம் பெண்களுக்கு ஏற்ற இடமன்று என்ற அபிப்பிராயம் படித்தவர் படியாதவர் எல்லாருடைய வாயிலிருந்தும் புறப்படுகிறது.

இந்த முரண்பாட்டை நிதானமாக ஆலோசித்துப் பார்த்தால், பெண்களைப் பொறியியல் தொழிலுக்கு ஊக்குவிப்பது பற்றி மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நாம் வழக்கமாகப் பேசிவரும் பேச்சு பிரச்சினையின் வேரைத் தொடவில்லை என்பது விளங்கும். பெண்களுக்குத் தைரியம் ஊட்ட வேண்டும், தன்னம்பிக்கையை வளர்க்க வேண்டும், கணிதத்தின்மீதுள்ள அச்சத்தைப் போக்க வேண்டும் என்று உபதேசிக்கிறவர்கள், குறை பெண்ணின் உள்ளத்தில்தான் இருக்கிறது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் தேர்ச்சி விகிதத்தில் மாணவியரே முந்தி நிற்கும் செய்தியைப் படித்துப் பழகிவிட்ட தமிழ்நாட்டில் அந்தத் தீர்மானத்துக்கு ஆதாரம் ஏது? உழைப்பாளியாகப் பெண்ணை எங்கும் ஏற்றுக்கொள்ளும் நம் சமூகம், அளந்து, கணக்கிட்டு, முடிவு செய்து, உத்தரவிடுகிறவளாக அவளை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை வீடும் கல்லூரியும் தொழில் நிறுவனமும் அரசாங்கமும் தத்தம் செயலால் விலக்கினாலன்றி, வாய்ச்சொல்லால் தரப்படும் ஊக்கம் எவ்வளவு பெருகினாலும் அதன் பலன் அற்பமாகவே இருக்கும் என்பது என் திடமான நம்பிக்கை.

கட்டுமானத் தலத்தில் காணும் இந்த நிலையைத் தொழிற்சாலையிலும் காண்கிறோம். இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுள் 100-க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும், ஆம்பூரின் காலணிச் சாலைகளிலும், ஸ்ரீபெரும்புதூரின் கைப்பேசித் தொழிற்சாலைகளிலும் உற்பத்தி வரிசையில் அமர்ந்தும் நின்றும் நுணுக்கமான வேலைகளைச் செய்து முடிப்பவர்கள் நம் பெண்கள். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்களும் அவர்களே. ஆயினும், எந்த யந்திரத்தை எங்கே நிறுவுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, பழுது கண்டால் வரிசையை எப்போது நிறுத்துவது என்பவற்றை நிர்ணயிக்கும் பொறியாளர்களின் மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் மிகப் பெரும்பாலும் ஆடவர்கள். நாடு முழுவதிலும் பி.இ., பி.டெக். பட்டப்படிப்பில் பயிலும் மாணவர்களுள் பெண்களின் தொகை இன்னும் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. அவர்களிலும் பலர் படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத உத்தியோகங்களில் அமர்கிறார்கள். அல்லது விவாகமாகிக் குழந்தை பிறந்ததும் உத்தியோகத்தையே விட்டுவிடுகிறார்கள்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் பருவத்தில் நம் வீடுகளில் நடைபெறும் சம்பாஷணை அநேகமாக ஒரே மாதிரியானது. “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா மெக்கானிக்கல்? சிவில் எடுத்தா சைட்டு சைட்டா அலையணும், நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறப்ப யோசிப்பாங்க. பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸைப் போடு, ஏசி ரூம்ல உட்கார்ந்து வேலை பார்க்கலாம்” என்று தாய்மாமனோ சித்தப்பாவோ வாஞ்சையோடுதான் சொல்கிறார். “மாமா சொல்றதும் சரிதானே, கண்ணு” என்று தாயும் சேர்ந்துகொள்கிறாள். அவர்களுடைய அன்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கணினித் துறை மேன்மையான துறை. தன் சொந்த விருப்பத்தினால் அதைத் தேடிச் செல்லும் பெண் அதில் சிறந்து விளங்கட்டும். ஆனால் வீட்டு மோட்டார் நின்றுபோனால் அதைக் கழற்றிப் பார்க்கத் துடிக்கிற ஒரு பெண்ணை, பாலத்தின் அடியில் நின்று அதன் தூண்களை எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை, ‘உட்கார்ந்து பார்க்கும் வேலை’ என்கிற ஒரே நியாயத்தைக் காட்டி வேறு திசையில் திருப்பிவிடுவது, அவளுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. அவளுடைய நாற்பதாண்டு உழைப்பு வாழ்க்கையை ஒரு மாலைப் பொழுதின் பேச்சில், அவளைக் கேளாமலே நிர்ணயித்து விடுகிறோம்.

பொறியாளரின் வேலை உடல் வலிமையைச் சார்ந்தது என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அறிய விரும்புகிறவர்கள், முதலாண்டு மாணவர்கள் பட்டறைப் பயிற்சி செய்யும் கூடத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கலாம். மென்எஃகுத் தகட்டை வைஸில் இறுக்கிப் பிடித்து, அரத்தால் ராவி, மூலைமட்டத்தை அதன் விளிம்பில் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இடையில் ஒளிக்கீற்றுத் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தெரிந்தால் மறுபடியும் ராவி, வெர்னியர் அளவியால் அளந்து, இரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தும் வரையில் விடாமல் முயல்வதுதான் அங்கே கற்பிக்கப்படும் முதற்பாடம். அவசரப்பட்டு அழுத்தி ராவுகிறவனுடைய துண்டு கோணலாகிப் போகும். பொறுமையுடன் நிதானமாக ராவுகிறவருடைய துண்டு நேராக அமையும். காக்கிக் கோட்டு அணிந்து நிற்கும் மாணவியரும் மாணவரும் அந்தக் கூடத்தில் பெறும் மதிப்பெண்ணை நிர்ணயிப்பவை கையின் பக்குவமும் கண்ணின் கூர்மையுமே.

கட்டுமானத் தலத்திலும் இதே கதைதான். கலவை வந்து இறங்கியதும் அதை ஒரு முழம்கூட இல்லாத இரும்புக் கூம்பில் அடுக்கடுக்காக இட்டுக் கம்பியால் குத்தி, கூம்பை நேராக மேலே தூக்கி, கலவை எவ்வளவு சரிகிறது என்று அளந்து, தண்ணீர் மிகுந்துவிட்டதா என்று கண்டறிய வேண்டும்; பதினைந்து சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் மாதிரிகளை வார்த்து, நீரில் ஊறவைத்து, 7-ஆம் நாளிலும் 28-ஆம் நாளிலும் அவற்றை நசுக்கிப் பார்த்து, அவை தாங்கிய பாரத்தைக் குறித்துவைக்க வேண்டும். குறித்த பலம் வரவில்லை என்றால், ஒப்பந்தக்காரர் எத்தனை முகம் சுளித்தாலும், ‘இந்தத் தளத்தை ஒப்புக்கொள்ள முடியாது’ என்று சொல்லிவிட வேண்டும். அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்குச் சிரத்தையும் கணக்கும் மனச்சாட்சியும் வேண்டும். இவற்றுள் எதைப் பெண்ணிடம் காண முடியாது என்று எவர் துணிந்து சொல்வார்?

நம் சென்னையின் சரித்திரத்திலேயே சிந்தனைக்கு உரிய ஒரு செய்தி இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே நான்கு பெண்களுக்குத் தன் கதவைத் திறந்துவிட்டது. முத்துலட்சுமி அம்மையார் அங்கே 1912-இல் பட்டம் பெற்று வெளிவந்தார். ஆனால் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த பழம்பெரும் ஸ்தாபனத்தில் முதற்பெண் பிரவேசித்ததோ 1940-ஆம் ஆண்டில்தான். ஒரே நகரத்தில், ஒரே அரசாங்கத்தின்கீழ், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இடையே அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. பெண் நோயாளிக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்பதைச் சமூகம் உணர்ந்தது. ஆகவே வழி திறந்தது. பாலமும் மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் பெண்ணின் வாழ்க்கையைத் தொடுகிறவை என்பதையும், அவற்றை நிர்மாணிப்பதில் அவளுடைய அறிவுக்கு இடம் வேண்டும் என்பதையும் அந்தச் சமூகம் உணரவில்லை. இன்றும் அது முழுமையாக உணர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

அவ்வாறு 1940-இல் கிண்டிக்குள் பிரவேசித்த பெண் அய்யலசோமயாஜுல லலிதா. சென்னையில் 1919-இல் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்து, பதினைந்தாம் வயதில் விவாகமாகி, பதினெட்டாம் வயதில் நான்கு மாதக் கைக்குழந்தையுடன் கணவரை இழந்து நின்றவர் அவர். கைம்பெண்ணின் வாழ்க்கை வீட்டின் பின்கட்டோடு முடிந்துவிடும் என்று விதிக்கப்பட்டிருந்த அக்காலத்தில், மேலே படிப்பது என்று அவர் முடிவு செய்தார். மருத்துவம் படித்தால் நள்ளிரவிலும் நோயாளியின் வீட்டுக்கு ஓட நேரும், குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று கருதியே அவர் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார் என்பது, பொறியியல் குடும்பப் பெண்ணுக்கு ஒத்துவராத தொழில் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கத் தக்கது. அவருடைய தந்தையார் பப்பு சுப்பாராவ் அந்தக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்காக அவர் கேட்டார். கல்லூரி முதல்வர் சாக்கோவும் கல்வித் துறை இயக்குநர் ஸ்டாதமும் இசைந்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணாக அவர் வகுப்பில் அமர்ந்தார். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது.

இங்கே என் மனத்தை மிகவும் கவர்கிற செய்தி லலிதாவின் மனவுறுதியினும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் நடந்துகொண்ட முறைதான். விடுதியில் மகள் துணையின்றித் தனித்திருப்பதைக் கண்ட தந்தையார், ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள், அம்மா’ என்று ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடவில்லை. கிண்டிக் கல்லூரியில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் வெளிவரச் செய்தார். அதைக் கண்டு லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இரண்டு கேரளப் பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். ஒரு பெண்ணின் தனிமையைத் தீர்ப்பதற்கு இன்னும் இரண்டு பெண்களுக்கு வாசலைத் திறந்துவிட்ட அந்த மனிதரின் விவேகத்தை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும். மூவரும் யுத்த காலத்தில் பட்டம் பெற்றார்கள். லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி முடித்து, சிம்லாவில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, பின்னர் கல்கத்தாவில் மின்சாதனங்கள் தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்து, மின்கடத்தும் தொடர்களையும் துணைமின் நிலையங்களின் அமைப்பையும் திட்டமிடும் பணியில் ஈடுபட்டார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்சார வேலைகளிலும் அவருடைய பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் முதன்முதலாகக் கூடிய சர்வதேச மகாநாட்டில் அவர் கலந்துகொண்டார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலத்தில் அந்தப் பதவியை வகித்த முதற்பெண் அவரே.

இவ்வளவு நிரூபணமான பிறகும் தடைகள் நீங்கிவிடவில்லை. திரேசியா தலைமைப் பொறியாளராக இருந்த அதே காலத்தில், 1974-இல், புணேயின் மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்று பொறியாளர்களை வேண்டி வெளியிட்ட விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று குறித்திருந்தது. அதைக் கண்டு மனம் கொதித்து, அந்தத் தொழிற்சாலையை நடத்திய டாட்டா குழுமத்தின் தலைவர் ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டையில் தம் ஆட்சேபணையை எழுதி அனுப்பிய மாணவி சுதா குல்கர்னி, பின்னாளில் சுதா மூர்த்தி என்ற பெயரில் நாடறிந்தவர் ஆனார். அந்த நிறுவனம் அவரை நேர்காணலுக்கு அழைத்து வேலையும் கொடுத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ, மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரையில் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாகாது என்று விதித்திருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 2000-ஆம் ஆண்டில், சென்னை உயர்நீதிமன்றம் அந்த விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை முதலியவற்றுக்கு நிபந்தனைகளையும் வகுத்துத் தந்தது. மூன்று ஷிப்டுகளில் ஓடும் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டில் இருக்கவே கூடாது என்று சட்டம் தடுக்கும் ஒரு பெண்ணை எந்த நிர்வாகி உற்பத்திப் பொறியாளராகத் தேர்ந்தெடுப்பார்? அச்சிட்ட விளம்பரத்திலும் சட்டப் புத்தகத்திலும் இருந்த இந்தத் தடைகளைப் பெண்களின் தன்னம்பிக்கைக் குறைவாகக் கணக்கில் எழுதிக்கொண்டோம் என்பதுதான் வருத்தம்.

தடையை விலக்கியவுடன் என்ன நிகழும் என்பதற்கும் பிரத்தியட்ச சாட்சியங்கள் இருக்கின்றன. ஐ.ஐ.டி. நிறுவனங்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமலிருந்த மாணவியரின் தொகை, 2018-ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கென்று கூடுதல் இடங்களை ஏற்படுத்திய பிறகு, சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்தது. அந்தச் சில ஆண்டுகளில் இந்தியப் பெண்களின் மூளை மாறிவிடவில்லை, இடம்தான் கிடைத்தது. விண்வெளித் துறையைப் பாருங்கள். அரியலூரைச் சேர்ந்த வளர்மதி, 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 ராடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராகத் திகழ்ந்தார். அவர் படித்தது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 2019-இல் சந்திரயான்-2 திட்டத்தை நடத்திய வனிதா, லலிதா படித்த அதே கிண்டிக் கல்லூரியின் மாணவி. 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியில் பயின்றவர். மூவரும் குறைந்த கட்டணமுள்ள அரசாங்கக் கல்லூரிகளில் படித்தவர்கள் என்பதை, அவர்களுடைய படத்தைக் கண்டு பெருமிதம் கொள்ளும் நாம் மறந்துவிடக் கூடாது. சிறு ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு நல்ல கல்லூரி இருந்ததும், அந்தக் கல்லூரியிலிருந்து வெளிவந்தவருக்குப் பொறுப்பான வேலையைக் கொடுக்கும் ஒரு துறை இருந்ததும் சேர்ந்துதான் இந்தப் பெருமையை நமக்கு ஈட்டித் தந்தன.

பெண்கள் பொறியாளர்களாவது அவர்களுக்கு மட்டும் நன்மை பயப்பது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு பொருளை உண்டாக்குகிறவர் எவருடைய வாழ்க்கையை அறிந்திருக்கிறாரோ அவருக்கு ஏற்றபடியே அந்தப் பொருள் அமைகிறது. மோட்டார் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் பொம்மைகள் நெடுங்காலம் ஆணின் உயரத்தையும் எடையையும் ஒட்டியே செய்யப்பட்டு வந்தன. நம் நாட்டிலோ, சேலை கட்டிய பெண்ணும் கைக்குழந்தைக்காரியும் ஏறுவதற்குச் சிரமப்படும் உயரத்தில் பஸ்ஸின் படி இருக்கிறது. தெருவிளக்கு இல்லாத இடத்தில் பஸ் நிறுத்தம் இருக்கிறது. தண்ணீர் வசதியில்லாத கழிப்பறை பெண்கள் பள்ளியில் இருக்கிறது. குடம் வைக்க மேடையில்லாத தெருக்குழாய் இருக்கிறது. இவற்றை வரைந்தவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். அந்தப் படியில் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து ஏறிய அனுபவமும், அந்த நிறுத்தத்தில் இருட்டில் காத்து நின்ற அனுபவமும் அவர்களுக்கு இல்லை. அந்த அனுபவம் உள்ள ஒருவர் வரைபடத்தில் கையெழுத்திடும் நிலையில் இருந்தால், பின்னால் மனுக் கொடுத்துப் போராட வேண்டிய எத்தனையோ குறைகள் முன்னாலேயே நிவர்த்தியாகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியவை எவை? வீட்டிலிருந்தே தொடங்குவோம். பெண் எந்தப் பிரிவை விரும்புகிறாள் என்பதை முதலில் அவளிடமே கேட்டு, அவள் சொல்லும் காரணத்தைச் செவிகொடுத்துக் கேட்பது பெற்றோரின் கடமை. வரன் தேடும்போது சம்பளத்தையும் ஜாதகத்தையும் விசாரிக்கிற பெற்றோர், மணமான பின்பும் அவள் சைட்டுக்குச் செல்வதற்கும் இடமாற்றம் வந்தால் ஏற்றுக்கொள்வதற்கும் பிள்ளை வீட்டார் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறார்களா என்பதையும் வெளிப்படையாக விசாரிக்க வேண்டும். லலிதாவின் குழந்தையை அவருடைய உறவினர்கள் வளர்த்துக் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்து, குழந்தை வளர்ப்பு தாய் ஒருத்தியின் சுமையல்ல என்று கணவனும் மாமியாரும் மாமனாரும் செயலில் காட்ட வேண்டும். பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு உத்தியோகத்தை விட்டுவிடும் பெண்களுள் எத்தனை பேர் தாமாக விரும்பி விடுகிறார்கள், எத்தனை பேர் வேறு வழியின்றி விடுகிறார்கள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

தொழில் நிறுவனங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இன்னும் கண்டிப்பானது. பெண் பொறியாளரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, அவரை ஆவணங்களைத் தொகுக்கும் மேஜையிலும் விருந்தினரை வரவேற்கும் குழுவிலும் அமர்த்திவிட்டு, பதவி உயர்வுக் காலம் வரும்போது ‘கள அனுபவம் போதாது’ என்று சொல்வது அநியாயம். பராமரிப்பிலும் உற்பத்தியிலும் கட்டுமானத்திலும் முதல் நாளிலிருந்தே அவருக்குப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, பெண்ணின் காலுக்குப் பொருந்தும் பாதுகாப்புக் காலணி, பின்னலின்மீதும் சரியாக அமரும் ஹெல்மெட், இரவு ஷிப்டு முடிந்தால் வீட்டு வாசல் வரையில் வண்டி என்பவை சலுகைகள் ஆகா. ஆண் பொறியாளருக்கு மேஜையும் நாற்காலியும் கொடுப்பதைப் போன்ற சாதாரண ஏற்பாடுகள். மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக உயர்த்தியும், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தும் 2017-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தைச் செலவாகக் கருதிப் பெண்களை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும் நிறுவனம், பயிற்சி பெற்ற ஒரு நல்ல பொறியாளரை இழப்பதனால் வரும் நஷ்டத்தைக் கணக்கிடத் தவறுகிறது.

தமிழ்நாட்டு அரசாங்கம் இந்த விஷயத்தில் கணிசமான காரியங்களைச் செய்திருக்கிறது; அவற்றை நன்றியோடு சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. அவ்வாறு சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலவைச் சட்டி சுமந்த தாயின் மகள், கட்டணத்தை எண்ணிக் கலங்காமல் சிவில் பொறியியல் வகுப்பில் அமர்வதற்கு இன்று சட்டபூர்வமான வழி இருக்கிறது என்பது சாமானியமான மாறுதல் அல்ல. ஆயினும் வகுப்பறையோடு அரசின் கடமை முடிந்துவிடாது. பொதுப்பணி, நெடுஞ்சாலை, மின்வாரியம், குடிநீர் வாரியம் ஆகிய துறைகளே நம் நாட்டில் பொறியாளர்களைப் பெரும் அளவில் நியமிப்பவை. உதவிப் பொறியாளர்களாக அங்கே சேரும் பெண்களை அலுவலகக் கோப்புகளோடு நிறுத்திவிடாமல், அணை, மதகு, துணைமின் நிலையம், பாலம் என்று களத்துக்கு அனுப்பி, அங்கே தங்குவதற்குத் தகுந்த விடுதியும் பயணத்துக்கு வாகனமும் கொடுத்து, தலைமைப் பொறியாளர் நாற்காலி வரையில் அவர்கள் ஏறிச் செல்லும் பாதையைச் செம்மைப்படுத்துவது அரசின் பொறுப்பு. அரசாங்கம் முன்மாதிரியாக நின்றால் தனியார் துறை பின்தொடரும்.

கடைசியாக, இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளம்பெண்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறவர்கள் எல்லாரும் அசாதாரணமானவர்கள். கைக்குழந்தையோடு கல்லூரி சென்றவர், சூரியனை நோக்கிக் கலம் அனுப்பியவர் என்று அவர்களுடைய புகழைக் கேட்கும்போது, அத்தகைய மேதைகளுக்குத்தான் இங்கே இடம் என்ற மலைப்பு உங்களுக்கு ஏற்படக்கூடும். அந்த மலைப்புக்கு இடம் கொடுக்காதீர்கள். நம் நாட்டின் சாலைகளையும் யந்திரங்களையும் மின்தொடர்களையும் நடத்திவருகிற லட்சக்கணக்கான ஆண் பொறியாளர்கள் யாவரும் மேதைகள் அல்லர். நடுத்தரமான திறமையும், வேலையில் நாணயமும், பிசகினால் திருத்திக்கொள்ளும் பழக்கமும் உடைய சாதாரண மனிதர்கள். அவர்களுள் ஒருவர் ஒரு கணக்கில் தவறிவிட்டால் அது அந்த மனிதருடைய தவறாகவே கருதப்படுகிறது. ஆண்களுக்குப் பொறியியல் வராது என்று எவரும் சொல்வதில்லை. அதே உரிமை உங்களுக்கும் உண்டு. நன்றாகப் படிக்கிற, உண்மையாக உழைக்கிற, எப்போதாவது தவறி அதைத் திருத்திக்கொள்கிற ஒரு சாதாரணப் பெண், எவருடைய வியப்புக்கும் விசேஷப் பாராட்டுக்கும் காத்திராமல், சாதாரணமான ஒரு நல்ல பொறியாளராக வாழ்நாள் முழுவதும் பணியாற்றி ஓய்வு பெறக்கூடிய நிலைமை என்றைக்கு இந்த நாட்டில் ஏற்படுகிறதோ, அன்றைக்கே பெண்களுக்கு இந்தத் துறையின் கதவு உண்மையாகத் திறந்துவிட்டது என்று நாம் சொல்லலாம். அந்த நிலைமையை உண்டாக்கும் கடமை உங்களைவிட எங்களுக்கே, உங்கள் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உங்களுக்கு வேலை கொடுப்பவர்களுக்குமே, அதிகம் உண்டு.